காது கொடுத்துக் கேட்போம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் மதிய அமர்வில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



பொதுக்குழு என்றாலே சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, பாக்கி யார் என்று கணக்குத்தான் பேசுவோம். காலையில் அதையெல்லாம் பேசி முடித்துவிட்டோம். மதியச் சாப்பாடும் ஆகிவிட்டது. கண்ணைச் சுற்றிக்கொண்டு தூக்கம் வருகிற நேரம். இந்த நேரத்தில் நோட்டு, பேனா எதுவும் வேண்டாத ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

விஷயம் இதுதான். ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்பது. "இதுல என்ன மேடம் இருக்கு, காது இருக்கு, கேக்கோம்" என்று முன்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு என்று எங்களுக்கு ஒரு குழுவில் புரிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். தப்பு எங்கள் மேல்தான்.

"மகளுக்கு..." என்று ஆரம்பித்த பேச்சு

ஒரு ஊர். பெயர் வேண்டாம். அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 15 பேர் உள்ள ஒரு குழு. அதில் ஒரு அக்கா ஆறு வருஷமாக ஒரு வாரம்கூடச் சேமிப்பு தவறாதவர். வீட்டுக்காரர் கேரளாவில் கொத்தனார் வேலை. ஒரே மகள், பதினொன்றாம் வகுப்பு.

அந்த அக்கா திடீரென்று மூன்று வாரம் தொடர்ந்து பாக்கி. மூன்றாவது வாரம் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அன்றைக்கு இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பேச்சு இப்படிப் போயிற்று.

"என்னக்கா, இந்த வாரமும் பாக்கியா?"

"இல்ல மேடம், மகளுக்கு..."

"கஷ்டம் எல்லாருக்கும் இருக்கத்தான் செய்யும். விதின்னு ஒண்ணு போட்டா எல்லாருக்கும் ஒண்ணுதான். அபராதம் 10 ரூபாய் எழுதுங்க."

ஊக்குநர் எழுதினார். அக்கா தலையை ஆட்டினார். அடுத்த பெயர் கூப்பிட்டோம். கூட்டம் சரியான நேரத்துக்கு முடிந்தது. தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

"மகளுக்கு" என்ற சொல்லுக்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்து பேர் குழு, எங்களையும் சேர்த்துப் பதினாறு பேர். ஒருவர் பேசினார். மீதி பதினைந்து பேருக்கும் காது இருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறது என்று. உடனே வீட்டுக்குப் போனோம். போனதும் எங்கள் வாயில் வந்த முதல் வார்த்தை, "இதை ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

அந்த அக்கா கோபப்படவில்லை. இலையை வெட்டிக்கொண்டே சொன்னார்:

"நான் சொல்லத்தான செஞ்சேன் மேடம். நீங்க நோட்டுல எழுதிக்கிட்டு இருந்திய."

அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்தோம். அன்றைக்கு வேறு ஊருக்குப் போகவில்லை. அரை மணி நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

தங்கச்சி ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியபோது இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தங்கச்சி குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது. வாரத் தவணை இவர் தலையில் விழுந்தது. வசூலுக்கு வருகிறவர் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். தெருவே பார்க்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாது, தெரிந்தால் தங்கச்சி உறவே அறுந்துபோகும் என்று பயம். அம்மாவின் கஷ்டத்தைப் பார்த்த மகள் முதலில் சனி, ஞாயிறு மட்டும் பீடி சுற்றினாள். பிறகு வெள்ளிக்கிழமையும். பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை.

அந்த "மகளுக்கு" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. அன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக் கேட்டிருந்தால், குழுவில் ஓர் உள்கடன் போட்டிருக்கலாம். தவணையைப் பிரித்துக் கட்ட வழி பார்த்திருக்கலாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கும். பஸ்ஸைப் பிடித்தோம், பிள்ளையை விட்டுவிட்டோம்.

கேள் என்ற சொல்

நம் தமிழில் "கேள்" என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கேள்வி கேட்பதும் கேட்பதுதான். காதால் கேட்பதும் கேட்பதுதான். நாங்கள் அன்றைக்கு முதல் வேலையை மட்டும் செய்தோம். "ஏன் பாக்கி?" என்று கேட்டோம். பதிலைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பழந்தமிழில் "கேளிர்" என்றால் உறவினர். கேட்பதும் கேளிரும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதைப் பாருங்கள். நம் பேச்சைக் கேட்கிறவர்தானே நமக்கு உறவு? ரத்த சொந்தமாக இருந்தும் பேச்சைக் கேட்காதவர் தூரத்தில்தான் இருக்கிறார். யாரோ ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரி, காது கொடுத்துக் கேட்டால் அவள் சொந்தமாகிவிடுகிறாள்.

திருக்குறளில் 40-வது அதிகாரம் கல்வி. 41-வது கல்லாமை. அடுத்து 42-வது அதிகாரத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் கேள்வி. அதற்கும் அடுத்ததுதான் அறிவுடைமை. நம்மில் பல பேர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்களும் உண்டு. படிக்க முடியாமல் போனாலும் கேட்டு அறியலாம் என்று வள்ளுவரே வழி சொல்லியிருக்கிறார். காது கொடுத்துக் கேட்கப் பட்டம் தேவையில்லை. சமூகப் பணியில் பட்டம் வாங்கிய நாங்கள்தான் அன்றைக்குக் கேட்கத் தவறினோம்.

கேட்காமல் நாம் என்ன செய்கிறோம்?

ஒருவர் கஷ்டத்தைச் சொல்ல வரும்போது நாம் சும்மா இருப்பதில்லை. ஏதாவது செய்கிறோம். நான்கு வேலை செய்கிறோம். உங்களுக்கும் தெரிந்ததுதான்.

1. புத்தி சொல்கிறோம். "மாமியார் என்னைய ஒரு வார்த்த சொல்லிட்டாவ" என்று ஒருத்தி ஆரம்பித்தால், என்ன வார்த்தை என்றுகூடக் கேட்பதில்லை. "நீ தனிக்குடித்தனம் போயிரு" என்கிறோம்.

2. நம் கதையைச் சொல்கிறோம். "எனக்கு முதுகு வலிக்கு" என்றால், "உனக்கு முதுகுதான, எனக்கு முட்டும் சேந்து வலிக்கு" என்கிறோம். சொல்ல வந்தவள் இப்போது நம் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

3. தீர்ப்புச் சொல்கிறோம். "நீ கையெழுத்துப் போட்டது தப்பு. யார கேட்டுப் போட்ட?" தப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்ததால்தான் சொல்ல முடியாமல் தவிக்கிறாள்.

4. வாயை அடைக்கிறோம். "சரி விடு, எல்லாம் சரியாப் போயிரும், அழாத." நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் அதற்கு அர்த்தம், இதற்கு மேல் பேசாதே என்பதுதான்.

"அப்ப புத்தி சொல்லவே கூடாதா மேடம்?" என்று ஒருவர் கேட்கிறார். சொல்லலாம். எப்போது என்பதுதான் விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எங்கே வலி என்று சொல்வதற்குள் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த மாத்திரையை நம்பிச் சாப்பிடுவோமா? முழுவதும் கேட்ட பிறகு சொல்கிற புத்திக்குத்தான் மதிப்பு. அதுவும், "நான் ஏதாவது சொல்லவா, இல்ல நீ சொல்லுறத மட்டும் கேட்டா போதுமா?" என்று கேட்டுவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. பாதிப் பேர், "கேட்டா போதும் மதினி" என்றுதான் சொல்வார்கள்.

கேட்பதனால் உயிர் பிழைத்த கதைகள்

வெறுமனே கேட்பதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். உலகத்தில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1953-ம் ஆண்டு லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், வாழப் பிடிக்காமல் இருக்கிறவர்கள் தன்னை வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார். நிறையப் பேர் வந்தார்கள். காத்திருக்கிறவர்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்களை உட்கார வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். அந்தத் தொண்டர்களிடம் பேசியவர்களில் பல பேர், பாதிரியாரைப் பார்க்காமலே மனம் தேறித் திரும்பிப் போனார்கள். தொண்டர்கள் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார்கள். அப்படி வளர்ந்ததுதான் சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு.

நம் சென்னையில் 1986-ம் ஆண்டு மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே போனில் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள். அழைக்கிறவர் சொல்வதைக் குறை சொல்லாமல் கேட்பார்கள். கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள். எத்தனையோ வருஷமாக இந்தப் பணி நடக்கிறது.

மூன்றாவது கதை உங்களுக்கு மிகவும் பிடிக்கும். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அதன் தலைநகரம் ஹராரே. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் அங்கே இருந்தார். அவரிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு இளம்பெண், ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ் காசு இல்லாமல் வீட்டிலேயே இருந்து, 2005-ல் தற்கொலை செய்துகொண்டாள். டாக்டருக்கு அது பெரிய அடி. ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் வர முடியாவிட்டால், கேட்கிற ஆளை ஜனங்கள் பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் டாக்டர்களும் நர்சுகளும் போதுமான அளவு இல்லை. யார் இருந்தார்கள் தெரியுமா? பாட்டிமார். நம் ஊர் ஆச்சிமார் மாதிரி.

2006-ல் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். மனக்கஷ்டத்தோடு வருகிறவர் அந்தப் பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் பாட்டி. பயிற்சியின் முதல் படிக்கு அவர்கள் பாஷையில் வைத்த பெயருக்கு, மனதைத் திறத்தல் என்று அர்த்தம். பாட்டி முதலில் கேட்பார். பிறகு, இத்தனை பிரச்சனையில் முதலில் எதைப் பார்க்கலாம் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வார். 573 பேரை வைத்து ஆராய்ந்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 100-க்கு 50 பேருக்கு மனச்சோர்வு அப்படியே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

இன்னொரு செய்தி. பெஞ்சுக்கு வந்து தேறிய பெண்கள் பிறகு ஒரு குழுவாகச் சேர்ந்து வட்டமாக உட்காருவார்கள். பழைய பிளாஸ்டிக்கைக் கிழித்துப் பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். கேட்கும்போது எங்களுக்கு நம் குழுதான் ஞாபகம் வந்தது. நாமும் வட்டமாகத்தானே உட்காருகிறோம்? பெஞ்சு வாங்க வேண்டாம், பாய் இருக்கிறது. பாட்டிமாரைத் தேட வேண்டாம், நாமே இருக்கிறோம்.

வீட்டில் எப்படிக் கேட்பது?

இப்போது வீட்டுக்கு வருவோம். வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கையை நிறுத்தினால் கூலி நின்றுவிடும். பரவாயில்லை, கை ஓடட்டும். கண்ணை ஒரு தடவை நிமிர்த்திப் பாருங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். அது போதும். சொல்லப்போனால், பக்கத்தில் உட்கார்ந்து கைவேலை பார்த்துக்கொண்டே பேசும்போது வயசுப் பிள்ளைகள் நன்றாகப் பேசும். எதிரில் நிறுத்தி "சொல்லு" என்றால் வாயே திறக்காது.

முன்னால் நமக்கு ஆற்றுப் படித்துறை இருந்தது. தாமிரபரணியில் துணி துவைத்துக்கொண்டே ஒருத்தி சொல்ல, நாலு பேர் கேட்பார்கள். தண்ணீரில் நின்று அழுதால் முகம் கழுவின மாதிரிதான் தெரியும். இப்போது வீட்டுக்குள்ளேயே குழாயும் குளியலறையும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் பேசுகிற இடம் குறைந்துவிட்டது. அந்த இடத்தை வீட்டிலும் குழுவிலும் நாம் உண்டாக்க வேண்டும்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "நாளைக்கு நான் போகல" என்கிறாள். "ஏன், படிக்கச் சோம்பேறித்தனமா?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. "அப்படியா, என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். பஸ்ஸில் யாரோ தொந்தரவு செய்வதாக இருக்கலாம். மாதவிலக்கு நாளில் கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம். அவள் சொன்னதும் கத்தாதீர்கள். முதல் தடவை கத்தினால் இரண்டாவது தடவை அவள் சொல்ல மாட்டாள்.

வெளியூரில் இருக்கிற வீட்டுக்காரர் ராத்திரி போன் செய்கிறார். நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "பணம் போட்டாச்சா?" அவர் கேட்கிற முதல் கேள்வி, "பிள்ள படிக்கானா?" இரண்டும் தேவைதான். ஆனால் மும்பையிலோ கேரளாவிலோ பத்துப் பேரோடு ஒரே அறையில் கிடக்கிற மனுஷனுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். "இன்னைக்கு வேலை எப்படி இருந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதல் நாள், "என்ன புதுசா கேக்க?" என்பார். நாலாவது நாள் பேசுவார். நாம் கேட்டால்தான் அவரும் நம்மைக் கேட்கப் பழகுவார்.

மாமியார் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று மருமகள்மார் குறைப்படுகிறீர்கள். வயசானவர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது பல சமயம், முதல் தடவை யாரும் கேட்கவில்லை என்பதால்தான். ஒரு தடவை, "அப்புறம் என்ன ஆச்சு அத்த?" என்று கேளுங்கள். சின்ன வயசில் கதை கேட்கும்போது நாம் 'ம்' கொட்டுவோமே, அதேதான். 'ம்' இல்லாவிட்டால் ஆச்சி கதையை நிறுத்திவிடுவாள் இல்லையா?

குழுவில் கடைமடைக்கும் தண்ணீர் வேண்டும்

தாமிரபரணியில் 8 பழைய அணைக்கட்டுகள் இருக்கின்றன. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் குறைவான வருஷம் தலைமடைக்காரன் மடையைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடை வயல் காயும். அதனால்தான் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம்.

நம் கூட்டத்தையும் பாருங்கள். ஊக்குநர் பேசுவார், பிரதிநிதிகள் பேசுவார்கள், நன்றாகப் பேசத் தெரிந்த மூன்று பேர் பேசுவார்கள். நேரம் தீர்ந்துவிடும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவர், விதவையான அக்கா, புதிதாகச் சேர்ந்த மருமகள் இவர்களெல்லாம் கடைமடை. அவர்கள் பேசவில்லை என்றால் பிரச்சனை இல்லை என்று அர்த்தம் இல்லை. முறை வரவில்லை என்றுதான் அர்த்தம். பேச்சுக்கும் முறை வைப்போம். இந்த வாரம் இந்தப் பக்கமிருந்து, அடுத்த வாரம் அந்தப் பக்கமிருந்து.

ஒரு சின்னப் பயிற்சி

இப்போது இரண்டு இரண்டு பேராகத் திரும்பி உட்காருங்கள். ஒருவர் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். இந்த வாரம் மனதில் கிடக்கிற ஏதாவது ஒன்று. பெரிய ரகசியம் வேண்டாம். மற்றவர் 'ம்' மட்டும் கொட்டலாம். புத்தி சொல்லக் கூடாது. தன் கதை சொல்லக் கூடாது. முடிந்ததும், "நீ சொன்னது இதுதான?" என்று கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர், "ஆமா, அதேதான்" என்றால் நீங்கள் பாஸ். பிறகு இடம் மாற வேண்டும்.

(இங்கே பயிற்சி நடந்தது. முதலில் ஒரே சிரிப்புச் சத்தம். ஒரு நிமிஷத்துக்குப் பிறகு மண்டபம் அமைதியானது. முடிந்ததும் ஒரு உறுப்பினர் எழுந்து, "இவ எனக்கு மதினி. 12 வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். இன்னைக்குத்தான் நான் முழுசா ஒரு விஷயம் சொல்லி முடிச்சேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.)

இரண்டு நிமிஷம் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தீர்களா? பழகப் பழக வரும். பீடி சுற்றுவதும் முதல் நாளே வந்துவிடவில்லையே.

மூன்று எச்சரிக்கை

முதலாவது, கேட்டது நம்மோடு இருக்க வேண்டும். ஒருத்தி நம்பிச் சொன்னதைத் தெருக்குழாயடியில் சொன்னால், அவள் இனி யாரிடமும் சொல்ல மாட்டாள். அதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

இரண்டாவது, பொறுமையாகக் கேட்பது என்றால் அடியையும் பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம் இல்லை. "நீ அவர் சொல்லுறத கேட்டு நடந்தா அடிப்பாரா?" என்று அடி வாங்கினவளிடம் சொல்லாதீர்கள். அடிப்பதற்கு எந்தக் காரணமும் நியாயம் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

மூன்றாவது, சிலது நம் காதுக்கு மேலே பெரிய பாரம். "செத்துப் போயிரலாம்னு இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். திட்டாதீர்கள். "அப்படி நினைக்கிற அளவுக்கு என்ன கஷ்டம்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல இடம் கிடைத்ததே என்று மனம் லேசாகும். அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அவள் கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள். மனநல உதவிக்கு 14416, சுகாதார உதவிக்கு 104, சிநேகா 044-24640050. இந்த எண்களை இன்றைக்கே குழுத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள்?

கேட்க ஆவலாக இருப்பீர்கள். அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு, அக்காவின் சம்மதத்தோடு விஷயத்தைக் குழுவில் வைத்தோம். குழு உள்கடன் கொடுத்தது. மூன்று பேர் போய்த் தவணையைப் பற்றிப் பேசினார்கள். வீட்டுக்காரரிடம் அக்காவே போனில் சொன்னார். நாங்கள் பக்கத்தில் இருந்தோம். அவர் கோபப்பட்டார், இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாவது நாள் அவரே கூப்பிட்டார். தங்கச்சியோடு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. அது ஒன்றும் சரியாகவில்லை.

பிள்ளை அடுத்த ஜூனில் மறுபடியும் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளோடு படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு வருஷம் போனது போனதுதான். அதை எந்த உள்கடனும் திருப்பிக் கொடுக்காது. அந்த ஒரு வருஷம்தான் நாங்கள் கேட்காததற்குக் கட்டின அபராதம். ஆனால் கட்டினது நாங்கள் இல்லை, அந்தப் பிள்ளை.

அந்தக் குழு அதற்குப் பிறகு ஒரு தீர்மானம் எழுதியது. கூட்டம் தொடங்கியதும் முதல் 15 நிமிஷம் பணப்பேச்சு கிடையாது. முறை வைத்து யாராவது பேசலாம். அபராதம் எழுதும் முன்னால் காரணத்தைக் கேட்க வேண்டும், சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்க வேண்டும், அதுவரை பேனாவை மூடி வைக்க வேண்டும். இப்போதும் அந்தக் குழுவில் அபராதம் உண்டு. ஆனால் யாரும் பாதி வாக்கியத்தோடு எழுந்து போவதில்லை.

இந்தத் தீர்மானத்தை நம் எல்லாக் குழுக்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஊருக்குப் போய் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒருவரிடம், மகளோ, மாமியாரோ, போனில் வருகிற வீட்டுக்காரரோ, "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள்.

இப்போது பேனாவை மூடி வைத்துவிட்டோம். நீங்கள் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்.